போல்டர்ஸ் கேட் 3 உண்மையிலேயே மூண்டாம் பாகமோ? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட சின்னதா ஒரு கொம்பியூட்டர் திருத்துற கடை வச்சிருக்கிறன். 2023 ஓகஸ்டில போல்டர்ஸ் கேட் 3 எண்ட கொம்பியூட்டர் கேம் வந்தது, பழைய பாகங்களை விளையாடின கனபேர் இது உண்மையான மூண்டாம் பாகமே இல்லை எண்டு கோபப்படினம். அண்டில இருந்து கடைக்கு வாற பெடியள், பெட்டையள், என்னோட படிச்ச ஆக்கள், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் எண்டு எல்லாரும் மாறி மாறி இதே கேள்வியளைத்தான் கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டுச் சொல்லுறதை விட எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவிட்டால் நல்லம் எண்டு நினைச்சன். நான் முதல் ரெண்டு பாகத்தையும் 2003 இல விளையாடின ஆள், எனக்கு இந்தக் கேம்களில சரியான பற்று, அதையும் மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

இது என்ன கேம், ஏன் இதைப் பற்றி இவ்வளவு கதை?

முதல் போல்டர்ஸ் கேட் 1998 டிசம்பரில வந்தது. செய்தது கனடாவில இருக்கிற பயோவேர், அந்தக் கொம்பனியைத் தொடங்கினவையில மூண்டு பேர் டொக்டருக்குப் படிச்ச ஆக்கள். அஞ்சு சிடியில வந்த கேம் அது. மேல இருந்து சரிவாப் பாக்கிற மாதிரி, கையால கீறின படம் போல இருக்கிற காடு, சத்திரம், நகரம், அதுக்குள்ள ஆறு பேர் கொண்ட உங்கட பார்ட்டி, அதாவது சேந்து திரியிற கூட்டம். ரெண்டாம் பாகம் 2000 இல, அதின்ர கடைசிப் பகுதி த்ரோன் ஒஃப் பால் 2001 இல. அதோட கதை முடிஞ்சுது.

பிறகு மூண்டு எண்டு ஒண்டு வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். பிளாக் ஐல் எண்ட ஸ்டூடியோ மூண்டாம் பாகம் எண்டு ஒண்டைச் செய்யத் தொடங்கி, லைசன்ஸ் கையை விட்டுப் போக 2003 இல அதை நிப்பாட்டிப்போட்டினம். அதுக்குப் பிறகு 2009 இல டிராகன் ஏஜ், 2015 இல பில்லர்ஸ் ஒஃப் இடேர்னிட்டி எண்டு அதே குணத்தில வேற பேரில கேம்கள் வந்தது, நாங்களும் அதுகளை விளையாடி ஆசையைத் தீர்த்தம். கடைசியில பெல்ஜியத்தில கென்ட் எண்ட ஊரில இருக்கிற லாரியன் ஸ்டூடியோஸ் 2019 இல அறிவிச்சு, 2020 ஒக்டோபரில கதையின்ர முதல் அங்கத்தை மட்டும் விளையாடக் குடுத்து, 2023 ஓகஸ்ட் 3 முழுசா விட்டினம். ரெண்டாம் பாகத்துக்கும் மூண்டுக்கும் நடுவில 23 வருசம். ரெண்டு வந்த வருசம் பிறந்த பிள்ளை மூண்டு வரேக்க கம்பஸ் முடிச்சிட்டுது, அவ்வளவு காலம் காத்துக்கொண்டு இருந்த ஆக்களுக்கும் புதுசா வந்த ஆக்களுக்கும் நடுவில கதை வராமல் இருக்குமோ?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்டு எல்லா இடமும் போட்டிருக்கு, அது என்ன?

அது கொம்பியூட்டர் இல்லாமல் மேசையில விளையாடுற விளையாட்டு, போல்டர்ஸ் கேட் அதின்ர விதியளை வச்சுத்தான் செய்தது. 1974 இல அமெரிக்காவில வந்தது. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் இருந்து, ஒராள் கதை சொல்ல மற்ற ஆக்கள் அதில வாற பாத்திரமா நடந்துகொள்ளுறது. வெட்டினது பட்டுதோ, பூட்டு உடைஞ்சுதோ, சொன்ன பொய்யை அவன் நம்பினானோ எண்டது எல்லாத்தையும் தாயக்கட்டைதான் முடிவு செய்யும். எங்கட அம்மம்மா ஆக்கள் விறாந்தையில இருந்து தாயம் விழேல்லை எண்டு கட்டையைப் பேசிப்பேசி உருட்டினதைக் கண்ட ஆக்களுக்கு இந்தக் கேம் உடனே விளங்கும், வித்தியாசம் என்னண்டால் இதில கட்டைக்கு இருபது பக்கம். 20 விழுந்தால் ராசா மாதிரி, 1 விழுந்தால் என்ன கெட்டிக்காரனா இருந்தாலும் பிழைச்சுப்போம். மூண்டாம் பாகத்தில அந்தக் கட்டையை ஸ்கிரீனிலேயே உருட்டிக் காட்டுவினம். பழைய பாகங்களில அது உள்ளுக்க நடக்கும், கீழ ஒரு மூலையில எழுத்தா மட்டும் வரும்.

பழைய ஆக்கள் ஏன் இவ்வளவு கோபப்படினம்?

இதுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் சொல்லவேணும்.

2020 இல முதன்முதலா இந்தக் கேமை விளையாடிக் காட்டேக்க சண்டை எல்லாம் முறை வச்சு நடந்தது, அதாவது நீங்கள் ஒருக்கா எதிரி ஒருக்கா, உங்கட முறை வரும்வரைக்கும் பேசாம நிக்கவேணும். பழைய பாகங்களில அப்பிடி இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில அடிபடுவினம், உங்களுக்கு யோசிக்க நேரம் வேணும் எண்டால் ஸ்பேஸ் பாரை அமத்தினால் உலகம் அப்பிடியே நிக்கும், ஆறு பேருக்கும் என்ன செய்யிறது எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பி அமத்த எல்லாம் ஓடும்.

இதுதான் கேமின்ர உயிர் எண்டு நினைச்ச ஆக்கள் கனபேர். அதில ஒராள் என்ர மச்சான், மாமியின்ர மூத்தவன். 2002 இல ஏ9 பாதை திறந்த பிறகு அவையின்ர அப்பா கொழும்புக்குப் போய் ஒரு கொம்பியூட்டர் வேண்டிக்கொண்டு வந்தவர், அந்த ஒழுங்கையிலேயே அது ஒண்டுதான். அதோட ஆரோ குடுத்த கொப்பி சிடியில போல்டர்ஸ் கேட் இருந்தது. கொம்பியூட்டர் ஒண்டு, நாங்கள் ரெண்டு பேர். மவுஸ் என்ர கையில, ஸ்பேஸ் பார் அவன்ர கையில. ஓநாய் வருது எண்டு நான் கத்த முன்னம் அவன் அமத்தியிருப்பான். எப்ப நிப்பாட்டுறது எண்டு அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது, எனக்கு அது கடைசிவரைக்கும் பிடிபடேல்லை. முதல் லெவலில மந்திரவாதிக்கு உயிர் நாலு புள்ளிதான், ஒரு அம்பு பட்டால் சரி, அதால நிப்பாட்டுற ஆள்தான் எங்கட பார்ட்டியைக் காப்பாத்தினது எண்டு சொன்னாலும் பிழை இல்லை.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, புதுக் கேமில ஸ்பேஸ் பாருக்கு அந்த வேலை இல்லை. அவன்ர வேலையை எடுத்துப்போட்டினம். அவன் கனடாவில இருந்து ஃபோன் எடுத்து இது போல்டர்ஸ் கேட்டே இல்லை எண்டு கத்தினது அதுக்குத்தான் எண்டு எனக்கு விளங்கப் பிறகு கன நாள் எடுத்தது. ஒவ்வொருத்தரும் புதுசில எது இல்லை எண்டு சொல்லினமோ, அதுதான் அவை பழசில விரும்பினது. இரவு பகல் மாறேல்லை எண்டு சொல்லுறவர் பழசில விடியக்காலமை நகரத்துக்குள்ள நுழைஞ்ச ஆள். ஆறு பேர் நாலு பேராப் போச்சு எண்டு சொல்லுறவர் பார்ட்டிக்குள்ள ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் கொளுவுறதைக் கேட்டு ரசிச்ச ஆள்.

அப்ப நீங்கள் முறை வச்சு அடிபடுறதை ஏற்றுக்கொள்ளுறீங்களோ?

ஓம். மேசை விளையாட்டு தொடக்கத்தில இருந்தே முறை வச்சுத்தான், பழைய பாகங்களும் உள்ளுக்க சுற்றுக் கணக்கு வச்சுத்தான் ஓடினது, வெளியால ஒரே நேரத்தில நடக்கிற மாதிரிக் காட்டினது மட்டும்தான். இன்னொண்டு, பழசில சின்னச் சண்டையளில பாதி நேரம் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை, பேய்க்குட்டியள் கூட்டமா வரும், விட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கலாம். புதுசில சண்டை குறைவு, ஆனால் ஒவ்வொண்டுக்கும் யோசிக்கவேணும், உயரமான இடம் பாக்கவேணும், ஆரை மேல இருந்து தள்ளி விழுத்தலாம் எண்டு பாக்கவேணும்.

ஆனா ஆறு பேர் நாலு பேரானது எனக்கும் கவலைதான், அதை மறைக்கேல்லை. 304 எண்ட சீட்டாட்டம் விளையாடுற ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. நாலு பேர் ஆடேக்க துரும்பு எங்க இருக்கு எண்டு கெதியா மணந்து பிடிக்கலாம், ஆறு பேர் இருந்தால்தான் ஆற்ற கையில என்ன கிடக்கு எண்டு தெரியாமல் மேசை சூடாகும். பார்ட்டியும் அப்பிடித்தான். ஆறு பேர் இருந்தால் ஒராளைச் சும்மா பிடிச்சதுக்காகக் கூட்டிக்கொண்டு திரியலாம், நாலு பேர் எண்டால் பூட்டுத் திறக்க ஒராள், காயம் ஆத்த ஒராள் எண்டு கணக்குப் பாத்து, பிடிச்ச ஆளை முகாமில விட்டிட்டுப் போகவேண்டி இருக்கு.

இது டிவினிட்டி கேம்தான், பேரை மட்டும் மாத்தினவை எண்டு சொல்லினமே?

லாரியன் 2017 இல டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 எண்ட கேம் விட்டவை, அதில நிலத்தில எண்ணெய் ஊத்தி நெருப்பு வைக்கிறது, தண்ணியில மின்னல் விடுறது, பீப்பாயை உருட்டி வெடிக்க வைக்கிறது எல்லாம் இருக்கு. மூண்டிலயும் அதின்ர சாயல் இருக்கு, இல்லை எண்டு சொல்ல ஏலாது. முதல் அங்கம் மட்டும் வந்த காலத்தில இன்னும் கூட இருந்தது, ஆக்கள் சொல்லச் சொல்லக் குறைச்சவை. எனக்கு இது ஒரு குறையாத் தெரியேல்லை. சமையல் ஒரு வீட்டில இருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால் கைப்பக்குவம் மாறத்தான் செய்யும், கூழுக்குள்ள ஒடியல்மா இருக்கோ எண்டதைத்தான் நான் பாக்கிறன்.

அப்ப ஒடியல்மா எது?

நீங்கள் செய்யிற காரியம் உங்களோட வாற ஆக்களை மாத்திறது. அதுதான். ரெண்டாம் பாகத்தில ஒராளோட பழகினால் அந்த ஆளின்ர குணமே மாறும், பிடிக்காத வேலை செய்தால் கோவிச்சுக்கொண்டு விட்டிட்டுப் போவினம். அந்த நேரம் வேற கேம்களில இப்பிடி இருந்தது அரிது. மூண்டில அதை நல்லா வளர்த்திருக்கினம். ஷடோஹார்ட், அஸ்டேரியன், கேல், லேசெல், வில், கார்லாக் எண்டு உங்களோட சேரக்கூடிய முக்கியமான ஆக்கள் ஆறு பேர், எல்லாருக்கும் மண்டைக்குள்ள ஒரு புழு, அது தங்களை அரக்கனா மாத்த முன்னம் வழி தேடவேணும். அஸ்டேரியன் இருநூறு வருசம் ஒருத்தனுக்கு அடிமையா இருந்த ஆள், முதல் பாக்கேக்க எரிச்சல் வரும், போகப் போக அவனுக்காக அந்தரப்படுவீங்கள், அவனுக்குக் குரல் குடுத்த நீல் நியூபொன் 2023 கேம் அவார்ட்ஸில சிறந்த நடிப்புக்கு விருது எடுத்தவர். அதே மேடையிலதான் வருசத்தின்ர சிறந்த கேம் விருதும் இதுக்குக் கிடைச்சது.

எல்லாரும் கெதியா காதலிக்க வந்திடினம் எண்டு ஒரு குறை சொல்லினம், அது நியாயமான குறை. ஒரு விருந்து நடக்குது, அண்டு இரவு மாறி மாறி எல்லாரும் வந்து கதைக்க நிக்கினம், எனக்கும் அந்த இடம் சரிப்படேல்லை. பழசில ஒரு காதல் கதைக்கு எவ்வளவு நாள் நடந்து, எவ்வளவு வாய்க்காரம் கேட்டு வரவேணும்.

வீட்டு ஹோலில வச்சு விளையாடலாமோ?

தாய் தேப்பன்மார் கடையில வந்து கேக்கிற கேள்வி இது. ஐரோப்பாவில 18 வயசுக்கு மேல எண்டு முத்திரை குத்தின கேம். இரத்தமும் இருக்கு, உடுப்பில்லாத காட்சியும் இருக்கு. செட்டிங்ஸில உடம்பைக் காட்டுறதை நிப்பாட்டலாம், தொடங்கேக்கயே அதைச் செய்துபோட்டுப் போங்கோ. ஆனால் சின்னப் பிள்ளையளுக்கு இது வேண்டாம், நிப்பாட்டினாலும் வேண்டாம், கதையே பெரிய ஆக்களுக்கு எழுதினது.

பழைய கதை தொடருதோ? பழைய ஆக்கள் வருகினமோ?

இதில கதை உடையுது, விளையாடாத ஆக்கள் அடுத்த கேள்விக்குப் போங்கோ.

பழைய கதையில நீங்கள் கொலைக் கடவுளான பாலின்ர பிள்ளை. மூண்டாம் பாகம் அதுக்கு நூத்திச் சொச்சம் வருசத்துக்குப் பிறகு நடக்குது. பழைய பார்ட்டியில உங்களோட வந்த ஜஹீரா, கனகாலம் வாழுற அரை எல்ஃப் எண்டபடியால் இன்னும் உயிரோட இருக்கிறா, ரெண்டாம் அங்கத்தில ஒரு சத்திரத்தில சந்திப்பீங்கள், நரைச்ச தலையோட. இன்னொரு பழைய கூட்டாளி மின்ஸ்க் கல்லாய் நிண்டு தப்பின ஆள், அவன்ர எலி பூவும் கூட இருக்கு. இந்த ரெண்டு பேரையும் நல்லா எழுதியிருக்கினம். ஜஹீரா கதைக்கேக்க பழைய ஆக்களின்ர பேரைச் சொல்லுற விதம் இருக்கே, செத்துப்போன சிநேகிதரைப் பற்றி எங்கட வயசுபோன ஆக்கள் கதைக்கிற மாதிரியே இருக்கும்.

ஆனால் விக்கோனியாவுக்கும் சரவோக்குக்கும் செய்தது அநியாயம். முதல் பாகத்தின்ர எதிரி சரவோக், த்ரோன் ஒஃப் பாலில அவனை உங்களோட சேத்து, கதைச்சுக் கதைச்சு நல்லவனாவே மாத்தலாம். விக்கோனியாவையும் ரெண்டாம் பாகத்தில இருட்டில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளியால கொண்டரலாம். மூண்டில ரெண்டு பேரும் பழையபடி கெட்ட ஆக்கள், ஒராள் பாலின்ர கொலைச் சபையில இருக்கிறான், ஒராள் ஷார் எண்ட இருட்டுத் தெய்வத்தின்ர கோயிலில தலைமை. நாங்கள் ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து மாத்தின ஆக்கள் அவை. எத்தினையோ பேர் எத்தினையோ விதமா முடிச்ச கதையில ஒண்டைத்தான் தெரிஞ்செடுக்கலாம் எண்டு எனக்கு விளங்குது, பிறகேன் அதுக்குள்ள மோசமானதைத் தெரிஞ்செடுத்தவை? அவை இல்லாமலே விட்டிருக்கலாம். இந்த ஒரு விசயத்தில நான் பழைய ஆக்களின்ர பக்கம், எப்பவும்.

மூண்டாம் அங்கம் சரியில்லை எண்டு சொல்லுறது உண்மையோ?

வந்த புதுசில உண்மை. நகரத்துக்குள்ள போன உடன கேம் இழுபடும், சில வேலையள் பாதியில நிக்கும், முடிவு டக்கெண்டு வந்து முடிஞ்சிடும். பிறகு திருத்தினவை. 2023 நவம்பர் கடைசியில வந்த அஞ்சாவது பட்ச்சில, எல்லாம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குப் பிறகு எல்லாரும் முகாமில கூடுற ஒரு இரவைச் சேத்தவை, அது இல்லாமல் முடிச்ச ஆக்கள் ஒருக்காத் திருப்பிப் போய்ப் பாருங்கோ. 2024 செப்டெம்பரில கெட்ட வழியால போன ஆக்களுக்குப் புது முடிவுகளும், ஆக்கள் தாங்களே மாத்தங்கள் செய்து போடுற வசதியும், 2025 ஏப்ரலில பாத்திரங்களுக்குப் பன்னிரண்டு புது உபவகுப்புகளும் தந்தவை, ஒண்டுக்கும் காசு வேண்டேல்லை. நகரத்தின்ர மேல்பகுதிக்கு மட்டும் கடைசிவரைக்கும் போக ஏலாது. பேரே அந்த நகரத்தின்ர பேர், அதில பாதிக்குள்ளதான் விட்டினம் எண்டது ஒரு குறைதான்.

என்ர லப்ரொப்பில ஓடுமோ?

ஒரு நாளைக்கு ரெண்டு பேராவது கேக்கினம். 150 ஜிபி இடம் வேணும், அதுவும் எஸ்எஸ்டியில. குறைஞ்சது 8 ஜிபி ரம், ஜிடிஎக்ஸ் 970 அளவில ஒரு கிராபிக்ஸ் காட். நல்லா ஓடவேணும் எண்டால் 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 2060 சுப்பர். கிராபிக்ஸ் காட் இல்லாத ஒஃபிஸ் லப்ரொப்பில முயற்சி செய்யாதேங்கோ, சூடு ஏறி என்னட்டைத்தான் திருப்பிக் கொண்டருவீங்கள். ஃபோன் டேட்டாவில இறக்கிறது எண்டால் கட்டாது, ஃபைபர் இருக்கிற சிநேகிதன்ர வீட்டில இறக்கிப்போட்டு ஹார்ட் டிஸ்கில கொண்டுவந்து ஸ்டீம் எண்ட கேம் விக்கிற தளத்தில அடையாளம் காட்டினால் எடுக்கும், நான் கன பேருக்கு அப்பிடித்தான் செய்து குடுத்தனான்.

கரண்ட் போனால்? 2022 மார்ச்சில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்திலயும் முதல் அங்கத்தை விளையாடின பெடியள் இருக்கினம். F5 அமத்தினால் சேவ் ஆகும். ஒவ்வொரு கதவு திறக்க முன்னமும் அமத்துங்கோ.

பழசை விளையாடாமல் மூண்டைத் தொடங்கலாமோ?

தாராளமா. கதை தனியா நிக்கும். பிறகு பழசுக்குப் போறதெண்டால் 2012 இலயும் 2013 இலயும் பீம்டொக் எண்ட கொம்பனி புதுப்பிச்சு விட்ட பதிப்புகள் இருக்கு, அதுகள் எந்தச் சின்ன லப்ரொப்பிலயும் ஓடும், ஃபோனிலயும் இருக்கு. மூண்டு ஓடாது எண்டு கவலைப்படுற பிள்ளையளுக்கு நான் முதலில குடுக்கிறது அதைத்தான். ஒண்டை மட்டும் தெரிஞ்சுகொள்ளுங்கோ, பழசில கவசக் கணக்கு தலைகீழ், எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூட.

இங்கிலீஷ் அவ்வளவு வராது, விளங்குமோ?

தமிழில இல்லை. ஆனால் ஒவ்வொரு வசனமும் எழுத்தா வரும், அவசரம் இல்லை, நீங்கள் பதிலைத் தெரிஞ்செடுக்கும்வரைக்கும் அவை பாத்துக்கொண்டு நிப்பினம். எனக்கு இங்கிலீஷ் பழக்கினது பாதி பழைய போல்டர்ஸ் கேட்தான், பக்கத்தில ஒரு டிக்சனரியை வச்சுக்கொண்டு நானும் மச்சானும் ஒவ்வொரு சொல்லாத் தேடினம்.

நாலாம் பாகம் வருமோ?

லாரியன் 2024 மார்ச்சில தெளிவாச் சொல்லிப்போட்டினம், தாங்கள் செய்யமாட்டம் எண்டு. பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வச்சிருக்கிற கொம்பனியான விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்டிட்டை இருக்கு. ஆர் செய்தாலும் சரவோக்கை விட்டிடுங்கோ எண்டதுதான் என்ர ஒரே வேண்டுகோள்.

உங்கட மச்சான் கடைசிவரைக்கும் விளையாடேல்லையோ?

ஒண்டரை வருசம் தொடேல்லை. பிறகு போன பனிக்காலம் அவன்தான் மெசேஜ் போட்டவன், நாலு பேர் வரைக்கும் சேந்து விளையாடலாமாமே எண்டு. இப்ப ஞாயிற்றுக்கிழமை காலமை இங்க எட்டரை மணி எண்டால் அங்க சனிக்கிழமை இரவு பத்து, அந்த நேரம்தான் ரெண்டு பேருக்கும் சரி. நான் ரெண்டு ஆக்களைப் பாக்கிறன், அவன் ரெண்டு ஆக்களைப் பாக்கிறான். என்ர முறை வரேக்க நான் அவசரப்பட்டு அடிக்கப் போவன், அவன் ஹெட்செட்டுக்குள்ள "நில்லு நில்லு" எண்டுவான், நான் மவுஸில இருந்து கையை எடுப்பன். போன கிழமைதான் அந்தச் சத்திரத்துக்கு வந்து சேந்தம். ஜஹீராவைக் கண்ட உடன அவன் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு கேட்டான், அந்த சிடியள் இன்னும் மாமி வீட்டில கிடக்கோ எண்டு. மூண்டு சிடி கிடக்கு. அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினனான்.